கையெழுத்து வைத்தால்தான் கடை

அண்ணை அந்தக் கடிதத்தை அரிசி மூட்டைக்கு மேல் விரித்துவைத்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரும்பவும் முதல் வரியிலிருந்து வாசித்தார். கடை மூடி அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. குளிர்பெட்டிகளின் இரைச்சல் மட்டும்தான்.

"தம்பி, புது லீஸ் தாறம் எண்டுதானே எழுதியிருக்கு? பிறகென்ன?"

நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். பழைய லீஸ் காலத்து அவுட்கோயிங்ஸ் பற்றி அண்ணைக்கு இருக்கும் எல்லாக் கோரிக்கைகளையும் கைவிட வேண்டும். அதற்குக் கையெழுத்து வைத்தால்தான் புது லீஸ். அண்ணை நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்தக் காசைக் கேட்டதுதான் பிழையா?" என்றார்.

அந்தக் காசைக் கேட்கச் சொன்னவன் நான். மெல்பேர்ணின் தென்கிழக்குப் புறநகர்களில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். பலசரக்குக் கடை, இறைச்சிக் கடை, சிகை அலங்காரக் கடை, இரண்டு சாப்பாட்டுக் கடைகள். வாடகைக்கு மேலாகக் கடைக்காரர் கட்டும் தொகைதான் அவுட்கோயிங்ஸ். மாநகரசபை வரி, தண்ணீர், கட்டடக் காப்புறுதி, பொது இடம் கூட்டுகிற செலவு எல்லாம் அதற்குள் அடங்கும். அண்ணையின் கணக்கில் "அரச அறவீடு" என்று ஒரு வரி வருடா வருடம் வந்துகொண்டிருந்தது. நாலாம் வருடம்தான் அது என் கண்ணை உறுத்தியது. விபரம் கேட்டு எழுதினால், அது கடையை வாடகைக்கு விட்ட கட்டடக்காரர் அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய காணி வரி. விக்ரோரியாவின் 2003ஆம் ஆண்டு சில்லறை வாடகைச் சட்டத்தின்படி இந்த வரியைக் கடைக்காரர் தலையில் கட்ட முடியாது. லீஸில் என்ன எழுதியிருந்தாலும் அந்த வாசகம் செல்லாது. நாலு வருடத்தில் பதினோராயிரம் டொலருக்குக் கொஞ்சம் மேலே. திருப்பித் தரும்படி கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை. லீஸ் முடிவதற்கு மூன்று மாதம் இருக்கும்போது வந்தது இந்தக் கடிதம்தான்.

அண்ணைக்கு அந்த நேரம் அறுபத்துமூன்று வயது. இருபத்தைந்து கிலோ மூட்டை தூக்கித் தூக்கி வலது தோள் போய்விட்டது. கடையை விற்றுவிட்டு ஓய்வெடுப்பதாக முடிவு. வாங்க ஓர் இளம் தம்பதி தயாராக இருந்தார்கள், வங்கியும் கடனுக்குச் சம்மதித்திருந்தது. ஐந்து வருட லீஸ் கையில் இருந்தால் மட்டும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு விளங்காத இடம் இதுதான். ஒரு சின்னக் கடையை விற்பது என்றால் எதை விற்கிறோம்? சரக்கை விற்கலாம், அது பெரிய காசில்லை. குளிர்பெட்டியை விற்கலாம், பழைய குளிர்பெட்டியின் விலை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். புகைபோக்கி, தரை ஓடு, சுவரில் பதித்த தட்டுகள், சமையலறைக் குழாய்கள் எல்லாம் அந்தக் கட்டடத்தோடு ஒட்டியவை. கழற்றினால் குப்பை. கழற்றாவிட்டாலும், லீஸ் முடிந்து வெளியேறும்போது சொந்தச் செலவில் கழற்றி, துளைகளை அடைத்து, சுவருக்கு வர்ணம் பூசிக் கொடுக்கவேண்டும் என்று பெரும்பாலான லீஸ்களில் இருக்கும். கடைக்குப் பெறுமதி தருவது, வெள்ளிக்கிழமை பின்னேரம் மீன் வாங்க வருகிற சனம் அதே வாசலுக்குத் தொடர்ந்து வரும் என்கிற நம்பிக்கை. அந்த வாசல் லீஸில் இருக்கிறது. லீஸ் ஐந்து வருடம் மிச்சம் இருக்கும்போது அண்ணையின் கடைக்கு ஒரு விலை. மூன்று மாதம் மிச்சம் இருக்கும்போது அதே கடைக்கு, அதே சனத்துக்கு, அதே கணக்குப் புத்தகத்துக்கு விலையே இல்லை. பதினாறு வருட உழைப்பை ஒரு நாட்காட்டி தின்றுவிடும்.

கட்டடக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். கடைசி ஆறு மாதத்தில் அவர் எதைக் கேட்டாலும் கிடைக்கும்.

அண்ணையின் மகள் இணையத்தில் தேடி ஒரு சொல்லைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். அன்கொன்ஷனபிள் கொண்டக்ட். "அங்கிள், இது அதுதானே? இதுக்கு வழக்குப் போடலாம்தானே?" மனச்சாட்சிக்கு ஒவ்வாத நடத்தை என்று தமிழில் சொல்லலாம். தமிழில் சொன்னதும் அண்ணையின் முகம் தெளிந்தது. மனச்சாட்சி என்றால் அவருக்கு விளங்கும். நியாயமில்லாமல் நடந்தால் நீதிமன்றம் கேட்கும் என்று எடுத்துக்கொண்டார். அந்த நம்பிக்கையை உடைக்கவேண்டிய வேலை எனக்கு வந்தது. நீதிமன்றம் அந்தச் சொல்லுக்குக் கொடுக்கும் பொருள் அதைவிடக் குறுகலானது.

கணக்கியல் படிக்கும்போது வணிகச் சட்டம் என்று ஒரு பாடம். அதில் எல்லோரும் படித்தே ஆகவேண்டிய வழக்கு அமாடியோ, 1983. இத்தாலியிலிருந்து வந்த வயதான தம்பதி. ஆங்கிலம் குறைவு. மகனின் கட்டுமானக் கம்பனியின் கடனுக்காகத் தங்கள் சொத்தை வங்கிக்கு ஈடு வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். கம்பனி என்ன நிலையில் இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியும், தம்பதிக்குத் தெரியாது. தாங்கள் எதில் கையெழுத்து வைக்கிறோம் என்பதும் அவர்களுக்குச் சரியாக விளங்கவில்லை. அவுஸ்திரேலியாவின் உச்ச மன்றமான ஹைகோர்ட் அந்த ஈட்டை இரத்துச் செய்தது. ஒருவரிடம் விசேட பலவீனம் இருக்கவேண்டும். மற்றவர் அதை அறிந்திருக்கவேண்டும். அறிந்தே அதைப் பயன்படுத்தியிருக்கவேண்டும். விதி இதுதான். முதுமை, நோய், மொழி தெரியாமை, கல்வியின்மை போன்றவை அந்தப் பலவீனங்கள்.

விசேட பலவீனம் என்கிற இந்த வாசலில்தான் கடைக்காரர்கள் தடக்கி விழுந்தார்கள். கடைக்காரர் முட்டாள் அல்ல. அவருக்குக் கணக்குத் தெரியும், சட்டத்தரணி இருக்கலாம், எதில் கையெழுத்து வைக்கிறார் என்பதும் விளங்கும். விளங்கித்தான் வைக்கிறார். வேறு வழி இல்லை என்பதும் விளங்கியே வைக்கிறார். இதைப் பலவீனம் என்று சட்டம் ஏற்குமா?

அண்ணையின் கடிதத்தை வாசித்த அன்றே என் ஞாபகத்துக்கு வந்தது பேர்த் நகரத்து வழக்கு. லீமிங் என்ற புறநகரில் ஒரு கடைத்தொகுதி. அதில் மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும் விற்கிற கடையை ஒரு குடும்பம் நடத்தியது. கட்டடக்காரர்கள் அவுட்கோயிங்ஸில் கூடுதலாக வாங்கிவிட்டார்கள் என்று அந்தத் தொகுதியின் கடைக்காரர்கள் பலர் வணிக நியாயசபைக்குப் போயிருந்தார்கள், இந்தக் குடும்பமும் சேர்ந்து. இதற்கிடையில் அவர்களின் மகளுக்குக் கடும் நோய். கடையை விற்றேயாகவேண்டிய நிலை. வாங்க ஆளும் வந்தது. ஆனால் லீஸ் முடியும் தறுவாயில் இருந்தது, அதைப் புதுப்பிக்கும் உரிமை குடும்பத்திடம் இல்லை. கட்டடக்காரர்கள் சொன்னார்கள்: புது லீஸ் தருகிறோம், நியாயசபையில் உள்ள வழக்கைக் கைவிடுங்கள். குடும்பம் கையெழுத்து வைத்தது.

அவுஸ்திரேலியப் போட்டி, நுகர்வோர் ஆணைக்குழு அந்தக் குடும்பத்துக்காக வழக்குப் போட்டது. முதலில் விசாரித்தவர் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதியரசர் ரொபேர்ட் பிரெஞ்ச். பின்னாளில் 2008இல் நாட்டின் பிரதம நீதியரசர் ஆனாரே, அவர்தான். பலவீனம் ஆளிடம் மட்டுமல்ல, ஆள் நிற்கும் சூழ்நிலையிலும் இருக்கலாம் என்று அவர் பார்த்தார். லீஸ் முடிகிறது, விற்கவேண்டும், மகளுக்கு நோய், எதிரே இருப்பவருக்கு எல்லாம் தெரியும். தன் நலனுக்குத் தேவையில்லாத ஒன்றை, அதாவது வழக்கைக் கைவிடுவதை, அந்த நேரத்தில் பிடுங்குவது மனச்சாட்சிக்கு ஒவ்வாதது என்றார். மேன்முறையீட்டில் அது கவிழ்ந்தது. 2003இல் ஹைகோர்ட்டும் கட்டடக்காரர் பக்கமே நின்றது. நால்வர் ஒரு பக்கம், நீதியரசர் கேர்பி மட்டும் மறு பக்கம். பெரும்பான்மையின் நியாயம் சுருக்கமாக இதுதான்: கடினமான நிலையில் இருப்பது வேறு, தன் நலனைத் தானே தீர்மானிக்க முடியாத நிலையில் இருப்பது வேறு. குடும்பத்துக்குப் புது லீஸ் பெறும் உரிமை ஏற்கனவே இருக்கவில்லை. கட்டடக்காரர் கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லாத ஒன்றைக் கொடுக்க விலை கேட்டார். கடும் பேரம் என்பது வணிகத்தில் இயல்பு.

நான் சட்டத்தரணி இல்லை. ஆனாலும் இந்தத் தீர்ப்பு பிழை என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். வாடகையைக் கூட்டிக் கேட்டிருந்தால் அது பேரம். கூடுதல் முற்பணம் கேட்டிருந்தால் அதுவும் பேரம். அவை லீஸைப் பற்றியவை. ஆனால் "நான் உன்னிடம் கூடுதலாக வாங்கியிருக்கலாம் என்று நீ போட்ட வழக்கைத் தூக்கிப்போடு, அப்போதுதான் உன் கடையை நீ விற்கலாம்" என்பது லீஸைப் பற்றியதே அல்ல. அந்தக் குடும்பத்துக்குத் தேர்வு இருந்தது என்கிறார்கள். கதவு பூட்டும் நேரத்தைச் சாவி வைத்திருப்பவர் தீர்மானிக்கும்போது அந்தத் தேர்வு எவ்வளவு பெறும்?

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். அந்த வழக்கு நடந்தது பழைய, குறுகிய சட்டப் பிரிவின் கீழ். 1997இல் நாடாளுமன்றக் குழு ஒன்று, புரூஸ் ரீட் தலைமையில், சின்ன வியாபாரிகள் படும் பாட்டை விசாரித்து அறிக்கை கொடுத்தது. கடை வாடகைப் பிணக்குகள் அதில் பெரிய பகுதி. அதன் பயனாக 1998இல் வணிக நடைமுறைச் சட்டத்தில் புதிய பிரிவு வந்தது. இப்போது அது அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் 21ஆம் பிரிவு. பல மாநிலங்களும் தங்கள் வாடகைச் சட்டங்களில் அதேபோல எழுதிக்கொண்டன. விக்ரோரியாவில் 77ஆம் பிரிவு கட்டடக்காரருக்கு, 78 கடைக்காரருக்கு. ஆம், கடைக்காரரும் மனச்சாட்சிக்கு ஒவ்வாமல் நடக்கலாம், கட்டடக்காரரும் வழக்குப் போடலாம்.

இந்தப் பிரிவுகளில் நீதிமன்றம் கவனிக்கவேண்டிய விடயங்கள் நீளமாக எழுதப்பட்டிருக்கின்றன. பேரம் பேசும் வலு யாரிடம், ஆவணம் விளங்கியதா, நெருக்குதல் கொடுக்கப்பட்டதா, மற்றக் கடைக்காரர்களை எப்படி நடத்தினார், நல்லெண்ணத்தோடு நடந்தாரா. நான் சிவப்புக் கோடு போட்டு வைத்திருப்பவை இரண்டு. ஒன்று, கட்டடக்காரரின் நியாயமான நலனைக் காக்கத் தேவையற்ற நிபந்தனையை விதித்தாரா என்பது. அண்ணையின் கடிதத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது அது. மற்றது விக்ரோரியாச் சட்டத்தில் இருப்பது: கடையின் விற்பனைத் தொகை பற்றிய தகவலை வாடகைப் பேரத்தில் நியாயமற்ற முறையில் பயன்படுத்தினாரா என்பது. பெரிய கடைத்தொகுதிகளில் மாதாமாதம் விற்பனைக் கணக்கைக் கொடுக்கவேண்டும். அதைத் தயாரிப்பவன் நான். டிசம்பர் மாத விற்பனை நன்றாக இருந்தது என்று சந்தோஷமாக எழுதிக் கொடுத்த எண், இரண்டு வருடம் கழித்து வாடகை உயர்வாகத் திரும்பிவந்து மேசையில் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். என்ன கொடுத்தால் தாங்குவார் என்று எதிர்ப்பக்கத்துக்கு முன்கூட்டியே தெரிந்த பேரம் எப்படிப் பேரமாகும்?

புதிய பிரிவுகள் வந்தும் வழி உடனே திறக்கவில்லை. 2005இல் நியூ சவுத் வேல்ஸ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில், அதுவும் ஒரு கடை வாடகை வழக்கில், பிரதம நீதியரசர் ஸ்பிகெல்மன் இந்தக் குற்றச்சாட்டுக்கு உயர்ந்த அளவிலான ஒழுக்கப் பழி வேண்டும் என்றார். அந்தச் சொற்றொடர் நாடு முழுக்கப் பரவியது. கட்டடக்காரர் நியாயமில்லாமல் நடந்தார் என்றால் போதாது, அவர் நடத்தை ஒழுக்கத்துக்கே இழுக்கு என்று காட்டவேண்டும். பல கடைக்காரர்களின் வழக்கு அங்கேயே நின்றுபோனது. காலப்போக்கில் நீதிமன்றங்கள் அந்த அளவுகோலைவிட்டுச் சட்டத்தின் சொற்களுக்கே திரும்பத் தொடங்கின. 2021இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு, குவான்டம் ஹவுசிங் வழக்கில், 21ஆம் பிரிவுக்கு விசேட பலவீனம் கட்டாயம் இல்லை என்று தெளிவாகச் சொன்னது. லீமிங் குடும்பத்தின் வழக்கு இன்றைக்கு வந்திருந்தால் வேறு முடிவு கிடைத்திருக்கும் என்றே நம்புகிறேன்.

வென்றவர்களும் இல்லாமல் இல்லை. அடிலெயிட்டில் ஒரு உணவுத்தொகுதி. ஒரு கடைக்காரருக்கு மட்டும் என்று லீஸில் கொடுத்த உணவு வகைகளை இன்னொரு கடையும் விற்க விட்டுவிட்டு, இவர் என்ன விலைக்கு விற்கவேண்டும் என்பதிலும் கட்டடக்காரர் தலையிட்டார். ஆணைக்குழு புதிய பிரிவின் கீழ் நீதிமன்றம் போனது, கட்டடக்காரர் அது பிழையான நடத்தை என்று ஒப்புக்கொண்டார். மெல்பேர்ண் நகர மத்தியில் பரமவுன்ட் கடைத்தொகுதி வழக்கு, 2009. ஆங்கிலமும் வியாபார அனுபவமும் குறைந்த, சின்னச் சின்னக் கடைக்காரர்கள். லீஸ் விடயத்தில் அவர்களில் சிலரிடம் கட்டடக்காரர் நடந்த விதம் மனச்சாட்சிக்கு ஒவ்வாதது என்று நீதிமன்றம் கண்டது. இந்தக் கதையைச் சொன்னபோது அண்ணை உடனே கேட்டார். "அப்ப நான் இங்கிலிஷ் தெரியாது எண்டு சொல்லட்டோ?" அண்ணைக்கு ஆங்கிலம் தெரியும். இருபத்தெட்டு வருடமாக ஆங்கிலத்தில் வியாபாரம் செய்கிறவர். தனக்கு நடந்தது அநியாயம் என்று நிரூபிக்க, தன்னை விளக்கமில்லாதவனாகக் காட்டவேண்டுமோ என்று அவர் யோசித்த அந்த நிமிடம் எனக்கு மிகவும் வலித்தது. "வேண்டாம் அண்ணை. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ" என்றேன்.

சட்டத்தரணி ஒருவரிடம் போனோம். கோப்பைப் புரட்டியவர் முதலில் கேட்டது மனச்சாட்சியைப் பற்றி அல்ல, திகதியைப் பற்றி. லீஸ் எப்போது முடிகிறது? புதுப்பிக்கும் உரிமை மிச்சம் இருக்கிறதா? இல்லை. அப்படியானால் புது லீஸ் தருவாரா இல்லையா என்று கட்டடக்காரர் எப்போது எழுத்தில் அறிவித்தார்? லீஸ் முடிவதற்கு மூன்று மாதம் முன்பு, அதாவது இந்தக் கடிதம். சட்டத்தரணி பேனாவை மூடி வைத்தார். விக்ரோரியாச் சட்டத்தின் 64ஆம் பிரிவின்படி அந்த அறிவித்தல் லீஸ் முடிவதற்கு ஆறு மாதத்துக்குக் குறையாமலும் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாமலும் வரவேண்டும். பிந்தினால், அறிவித்தல் வந்த நாளிலிருந்து ஆறு மாதம் வரை லீஸ் தானாக நீளும்.

மூன்று மாதம் ஆறு மாதம் ஆனது. அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அண்ணை வீட்டில் எல்லோரும் நித்திரை கொண்டார்கள். வாங்க இருந்த தம்பதியிடம் உள்ளதைச் சொன்னோம், அவர்களும் வங்கியும் பொறுக்கச் சம்மதித்தார்கள்.

அடுத்தது சிறு வணிக ஆணையாளர் அலுவலகம். விக்ரோரியாவில் கடை வாடகைப் பிணக்கு என்றால் நியாயசபைக்குப் போக முதல் அங்கே மத்தியஸ்தத்துக்குப் போகவேண்டும். ஊரில் இணக்க சபைக்குப் போவோமே, அதுபோல. அங்கே சரிவராவிட்டால்தான் வீகாட் எனப்படும் நியாயசபை. அங்கே பொதுவாக அவரவர் செலவு அவரவருக்கு. தோற்றால் மற்றவரின் சட்டத்தரணிக் கூலியும் தலையில் விழும் என்ற பயம் அவ்வளவு இல்லை. இது பெரிய விடயம். எத்தனையோ பேர் தங்கள் பக்கம் நியாயம் இருந்தும் அந்தப் பயத்திலேயே கையெழுத்து வைக்கிறார்கள். இன்னொன்றையும் சட்டத்தரணி முகத்துக்கு நேரே சொன்னார்: லீஸைப் புதுப்பிக்க மறுப்பது மட்டுமே மனச்சாட்சிக்கு ஒவ்வாத நடத்தை ஆகிவிடாது. "தரமாட்டேன்" என்று மட்டும் கட்டடக்காரர் எழுதியிருந்தால் எங்களிடம் இந்த வழக்கே இல்லை. "தருவேன், ஆனால்" என்று எழுதியதுதான் எங்கள் வழக்கு.

மத்தியஸ்தத்துக்கு நானும் போனேன். கொண்டுபோனது ஒரு தடித்த கோப்பு. நாலு வருட அவுட்கோயிங்ஸ் கணக்கு, கட்டிய பற்றுச்சீட்டுகள், நாங்கள் எழுதிய கடிதங்கள், கட்டடக்காரரின் முகவர் தொலைபேசியில் சொன்னதை அன்றன்றே அண்ணையின் மகள் திகதி நேரத்தோடு குறித்து வைத்த கொப்பி. அந்தக் கொப்பியை நினைத்தால் இன்றும் அவளைப் பாராட்டத் தோன்றுகிறது. உள்ளே பேசியது இரகசியம் என்று கையெழுத்து வைத்திருக்கிறோம், அதனால் யார் எதற்கு இணங்கினார் என்று எழுத முடியாது. அண்ணை சொன்னதில் ஒன்றை மட்டும் அவர் அனுமதியோடு எழுதுகிறேன். கடைசியில் அவரைப் பேசச் சொன்னார்கள். அவர் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: பதினாறு வருடத்தில் ஒரு மாதம்கூட வாடகை பிந்தியதில்லை, என் காசை நான் கேட்டேன், அதற்காக என் கடையை ஏன் பிடித்து வைக்கிறீர்கள்?

கடை விற்றாயிற்று. அந்தத் தம்பதிதான் இப்போது நடத்துகிறார்கள். அண்ணை சனிக்கிழமைகளில் வந்து ஒரு மூலையில் நின்று பழைய வாடிக்கைக்காரரோடு கதைத்துவிட்டுப் போகிறார். மூட்டை தூக்க விடமாட்டார்கள்.

தம்பதியின் கணக்கும் என்னிடம்தான். போன கிழமை அவர்களின் முதலாவது அவுட்கோயிங்ஸ் கணக்கு வந்தது. முதலில் அந்த "அரச அறவீடு" வரியைத் தேடினேன். இல்லை. ஆனால் ஒரு காலாண்டுத் தண்ணீர்க் கட்டணம் இரண்டு தடவை போடப்பட்டிருக்கிறது. தவறுதலாகவும் இருக்கலாம். இதை முடித்துவிட்டு முகவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதவேண்டும்.